வேர்க்காத மக்ரூன்

ஜன்னலோரம் நீங்களே இருங்கம்மா. எனக்கு இந்த டப்பாவ மடியில வச்சுக்கிட எடம் இருந்தாப் போதும். மேல வைக்க மாட்டேன். கண்டக்டரும் ரெண்டு தடவ சொல்லிட்டாரு, மேல வைங்க மேல வைங்கன்னு. அவருக்கென்ன, ஒரு பிரேக்க அமுக்குனா உள்ள இருக்கிறது பூரா பொடியாப் போவும். மக்ரூன் அப்படி. மொறைச்சுப் பாத்தாலே உடைஞ்சிரும்.

மதுரைக்குத்தான போறிய? நானும் அங்கதான். தூத்துக்குடி மக்ரூன் தின்னிருக்கியளா? கடையில வாங்கித் தின்னிருப்பிய. இது நான் வீட்ல போட்டது. இந்தாங்க, ஒண்ணு எடுங்க. அட, எடுங்கம்மா. கொண்டு போற எடத்துல இதத் தின்ன ஆளு இருக்கோ இல்லையோ தெரியல. அதான் எடுங்கங்கேன்.

மாவுப் பலகாரம்னு நெனச்சுராதிய. மூணே சாமான். அண்டிப்பருப்பு, நீங்க முந்திரின்னு சொல்லுவிய. சீனி. முட்டையோட வெள்ளக்கரு. வெள்ளக்கருவ அடிச்சா நுரையாப் பொங்கி வரும். சட்டியக் கவுத்தாலும் விழக்கூடாது, அதான் பதம். நான் என் தலைக்கு மேலயே கவுத்துப் பாப்பேன், அவ்வளவு நம்பிக்கை. அதுல சீனியும் பருப்புப் பொடியும் சேத்து, காயிதத்தக் கூம்பாச் சுருட்டி, மூக்கு மூக்காப் பிழிஞ்சு, ஓவன்ல சின்னச் சூட்டுல விட்டுரணும். வேகக் கூடாது, காயணும். மைதா ஒரு துளி சேக்கக் கூடாது. சேத்தா அதுக்குப் பேரு மக்ரூன் இல்ல, பிஸ்கோத்து.

ஆனா சேக்கிறவன் இருக்கான். மழக்காலத்துல சேப்பான். ஏன்னு கேளுங்க. இதுல ஈரக்காத்து பட்டா வேர்க்கும். சீனில்லா? வெளிய மழை கொட்டுச்சுன்னா அரை நாள்ல மேல முத்து முத்தா வேர்த்து, கையில ஒட்டி, மூக்கு சாஞ்சிரும். அதுக்குப் பயந்து சில வெளங்காதவன் மைதாவக் கலந்து நிக்க வைப்பான். எவன் கடை மக்ரூன் மழையில வெறைச்சுக்கிட்டு நிக்குதோ அவன் கள்ளன். இத நான் முப்பது வருசமா எல்லார்கிட்டயும் சொல்லுதேன். என் தம்பி மவ ஜோவிட்டாகிட்டயும் சொல்லியிருக்கேன். அவ அஞ்சு வயசுல இருந்து, லீவுக்கு வந்தா, என் பக்கத்துல ஸ்டூலப் போட்டு ஏறி நின்னு இதப் பாத்தவ.

அவளுக்குத்தான் நாளைக்குப் புதுநன்மை. நீங்க வேதக்காரவுகளா? இல்லையா, சரி, சொல்லுதேன். எங்க கோயில் பூசையில சாமியார் ஒரு கோதுமை அப்பம் குடுப்பாரு. வெள்ளையா, வட்டமா, காயிதம் மாதிரி. எங்களுக்கு அது வெறும் அப்பம் இல்ல, சேசுவோட திருவுடம்பு. அத ஒரு புள்ள மொதமொதல்ல வாங்குற நாளுதான் புதுநன்மை. வெள்ளக் கவுன், தலையில கிரீடம் மாதிரி பூமுடி, கையில மெழுகுதிரி, சின்னக் கல்யாணம் மாதிரி இருக்கும். எங்க குடும்பத்துல அந்த முடியும் திரியும் ஞானத்தாய் வாங்கிக் குடுக்கிறது வழக்கம். ஞானத்தாய் நான். ஞானஸ்நானத்துல அவளக் கையில ஏந்தினவ நான். எனக்குப் புள்ள இல்ல. எங்க வீட்டுக்காரர் போயி ஏழு வருசம் ஆச்சு. அவள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா முடிய யார் வாங்குனா தெரியுமா? அவ அம்மா ஷைலா. ஆன்லைன்ல வாங்கிட்டாளாம்.

என் தம்பி ரொமால்டு நல்லவன். வாயத் தொறக்க மாட்டான், அதனால நல்லவன்னு பேரு. இந்த ஷைலா மதுரைக்காரி. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் குத்தி எடுக்கிற வேலை. யாரப் பாத்தாலும் அவளுக்குக் கை குறுகுறுங்கும். எங்க வீட்டுக்காரர் போன சமயம் வந்து ஒரு மாசம் கூட இருந்தா. இருந்தவ சும்மா இருந்தாளா? என் விரல்லயும் குத்தி, எனக்குச் சீனி வியாதி இருக்குன்னு சொல்லிட்டா. அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணும் கிடையாது. அன்னையில இருந்து மாசா மாசம் மாத்திரை கொரியர்ல வந்துரும். இப்பம் பேச்சு வார்த்தை இல்ல, ஆனாலும் வருது. என்ன திமிரு பாருங்க.

சொந்த மவளையும் விடல. ஆறு வயசுல புள்ளைக்கு வயிறு உப்புது, வளத்தி இல்லன்னு டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு எடுத்து, கடைசியில ஒரு டாக்டர் வாயால சொல்ல வச்சா, கோதுமை ஆவாதுன்னு. கோதுமைன்னா சப்பாத்தி மட்டும் இல்லம்மா. மைதா, ரவை, பன்னு, பிஸ்கோத்து, பரோட்டா, கேக்கு, ஒண்ணும் ஆவாது. ஒரு துணுக்கு போனாலும் குடல் புண்ணாயிருமாம். ஆயுசு பூரா அப்படித்தானாம். எங்க கூட்டத்துல யாருக்காவது இப்படிக் கேட்டிருக்கோமா? பரோட்டாவ வீசி வீசி அடிச்சுத் தின்ன ஊரும்மா எங்க ஊரு.

புள்ளைய என் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு லிஸ்ட்டு எழுதி என் பிரிட்ஜுல ஒட்டிட்டுப் போனா. என் பிரிட்ஜுல! புதுச் சட்டி, புது அகப்பை, சலிக்கப் புது அரிப்பு. மைதா தொட்ட கையோட எதையும் தொடக் கூடாது. பாத்திரம் கழுவுற பஞ்சு கூட அவளுக்குத் தனியா வேணுமாம். ஊருக்கே பலகாரம் போட்டவ நான், எனக்குப் பஞ்சு சொல்லித் தாறா.

நீங்க இன்னும் வாயில போடலியே. போடுங்க, நாக்குல வச்சாக் கரைஞ்சிரும்.

புள்ளையையும் அப்படிப் பழக்கிட்டா. யார் எதக் குடுத்தாலும் மொதல்ல கேக்கும், "இதுல மாவு இருக்கா?"ன்னு. எதிர் வீட்ல பிறந்த நாளு. எல்லாப் புள்ளையளும் கேக்குக்குத் தட்ட நீட்டுது. இது மட்டும் கையப் பின்னால கட்டிக்கிட்டு, "ஆன்ட்டி, இதுல மாவு இருக்கா?"ங்குது. அந்தப் பொம்பள என்னத் திரும்பிப் பாத்து, "எக்கா, புள்ளைக்கு என்ன வியாதி?"ன்னுட்டா. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. என்கிட்ட மட்டும் அது கேக்காது, அதச் சொல்லணும். என் மக்ரூனத் தட்டுல வச்சா, கேக்காம எடுத்து வாயில போடும். அது கேக்காமத் தின்ன ஒரே சாமான் அதுதான்.

போன கிறிஸ்மஸுக்கு மூணு பேரும் வந்தாவ. மத்தியானம் பிரியாணி. சாப்பிட்டுக்கிட்டே ஷைலா சொல்லுதா, "மதினி, புதுநன்மைக்கு எங்க பங்குச் சாமியார்ட்டப் பேசிட்டேன். ஜோவிட்டாவுக்கு மட்டும் கோதுமை ரொம்பக் கொறைஞ்ச அப்பம் தனியா வரவழைக்கிறாரு. தனிக் கிண்ணத்துல வச்சுக் குடுப்பாரு." நான் தட்டத் தள்ளி வச்சுட்டேன். சேசுவோட உடம்பே இவ மவளுக்கு ஆவாதாம்! எழுவது புள்ளைய வரிசையா நிக்கும்போது எங்க புள்ளைக்கு மட்டும் தனிக் கிண்ணமா? ஊரு பாக்காதா? சாமியாரும் சரின்னுட்டாராம். அவருக்கும் ஊசியக் காட்டியிருப்பா.

அந்த நிமிசமே நான் முடிவு பண்ணிட்டேன். அவிய ரெண்டு பேருக்கும் வேலை, மறுநாளே மதுரைக்குப் போயிட்டாவ. அரையாண்டு லீவு முடியட்டும்னு புள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போனாவ. நான் என்ன பண்ணிட்டேன்? பெரிசா ஒண்ணும் இல்ல. மக்ரூன் கலவையில ஒரு சிட்டிகை மைதா போட்டேன். ஒரே ஒரு சிட்டிகை. ஏன் அப்படிப் பாக்கிய? வெஷத்தையா போட்டேன்? ஊரே தின்ன மைதா. ஒரு வாரம் தின்னுட்டுப் புள்ள ஓடி ஆடி நிக்கட்டும், அவ கூப்பிட வரும்போது மூஞ்சிக்கு நேரா சொல்லணும், "பாரு, உன் மவ வாரம் பூரா மைதா தின்னுருக்கா, ஒண்ணும் ஆகல, இனிமே ஊசியத் தூக்கிட்டு என் வாசப்படி ஏறாத"ன்னு. அந்தப் பேச்ச நான் வாய்க்குள்ளயே உருட்டிக்கிட்டு இருந்தேன். அடுப்படியில நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன்.

மொத நா ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாளும் ஒண்ணும் இல்ல. எனக்கு என்னா சந்தோசம்! மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டு வந்தேன். ஒரு கரண்டி மாவு உள்ள போயும் புள்ள குதிச்சுக்கிட்டுத் திரியுதே, அப்பம் யாரு சொன்னது பொய்யி? என்ன? சிட்டிகைன்னா சொன்னேன்? சிட்டிகையப் போட்டு என்னத்த நிரூபிக்க? ஒரு கரண்டி. சின்னக் கரண்டி.

மூணாம் நா சாயங்காலம் வயித்த வலிக்குன்னா. ஓமத்தண்ணி குடுத்தேன். நாலாம் நா வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. வயிறு உப்பிக் கல்லாட்டம் ஆயிருச்சு. வாயெல்லாம் புண்ணு. கட்டில்ல சுருண்டு படுத்துக்கிட்டா. வெளிய மழைன்னா மழை, இந்தத் தடவ மார்கழியிலயும் விடல. இட்லியக் கொண்டு போனேன், வேண்டாம். கஞ்சியக் கொண்டு போனேன், வேண்டாம். ஏன்ட்டின்னு கேட்டா அந்தப் புள்ள சொல்லுது, "எதுலயோ மாவு கலந்திருக்கு அத்தை. எதுலன்னு தெரியல. அதனால எதுவும் வேண்டாம். உன் மக்ரூன் மட்டும் தா."

நான் டப்பாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பத்தான் அது கேட்டுச்சு. என்கிட்ட ஒரு நாளும் கேக்காத புள்ள. "இதுல மாவு இருக்கா அத்தை?"

"இல்லட்டி"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்லுதிய? அந்த நேரத்துல இருக்குன்னு சொல்ல முடியுமா? பட்டினியாக் கிடக்கிற புள்ளம்மா. ஏதாவது வயித்துல போகட்டும்னு நெனச்சேன். மூணு தின்னா. மறுநாளும் தின்னா. மாவில்லாம புதுசா ஒரு தட்டு போட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பிய. மழையில கரண்டு போயிருச்சு, ஓவன் எப்படி ஓடும்? எல்லாத்துக்கும் என்னையே குத்தம் சொன்னா எப்படி?

தம்பிக்குப் போனப் போட்டேன். காரப் பிடிச்சு வந்து தூக்கிட்டுப் போனான், நானும் கூடப் போனேன். மதுரை ஆஸ்பத்திரியில அஞ்சு நா டிரிப்ஸு. ஷைலா என்கிட்ட வந்து, "மதினி, என்னென்ன குடுத்தீங்க?"ன்னா. "உன் லிஸ்ட்டுல உள்ளதுதான்"ன்னேன். அவ ஒண்ணொண்ணா யோசிச்சுப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. அவ குடுத்து விட்ட இட்லிப் பொடியில பெருங்காயம் இருந்துதாம். கட்டிப் பெருங்காயத்துல மைதா கலந்திருக்குமாம், டப்பாவப் பாக்காம வாங்கிட்டாளாம். "நான்தான், நான்தான் என் புள்ளைய இப்படிப் பண்ணிட்டேன்"னு ஆஸ்பத்திரி வராண்டாவுல தரையில உக்காந்து அழுதா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் சொல்லல. அழட்டும்னு இருந்தேன். எப்பப் பாத்தாலும் அவ பண்ணுறதுதான் சரி, ஒரு நாளாவது தப்பு அவ பக்கம் இருக்கட்டுமேன்னு இருந்தேன். உங்ககிட்ட ஏன் பொய் சொல்ல, எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு.

அதோட முடிஞ்சிருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

நான் ஊருக்கு வந்து நாலு நா இருக்கும், புள்ளையே போன் பண்ணுது. நான் ஓடிப் போயி எடுக்கேன். பள்ளிக்கூடத்துல கூட்டுக்காரியளுக்குக் குடுக்கணும்னு என் டப்பாவுல இருந்து ரெண்டு மக்ரூன எடுத்துப் பென்சில் டப்பாவுல ஒளிச்சு வச்சிருந்திருக்கா. அந்த மழையில, ஈரப் பையில, அத்தன நாளு கிடந்திருக்கு. இப்பத்தான் தொறந்து பாத்திருக்கா. நல்லா இருக்கியா அத்தைன்னு ஒரு வார்த்தை இல்ல.

"அத்தை, இது ஏன் வேர்க்கல?"

அவ்வளவுதான் கேட்டா. எது வேர்க்கும் எது வேர்க்காதுன்னு நான்தான அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், ஸ்டூல் போட்டு நிக்க வச்சு. "பென்சில் டப்பா நல்ல டப்பாட்டி, காத்துப் போகாது"ன்னேன். டக்குன்னு போன வச்சிட்டா. ஒம்போது வயசுப் புள்ளைக்கு இவ்வளவு மூளை ஆவாதும்மா. எல்லாம் அம்மாக்காரி ரத்தம்.

மறுநா ஷைலா பேசுனா. சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், என் தொண்டைக்கு அவ நிக்க மாட்டா. அவ சத்தமே போடல. "எவ்வளவு போட்டீங்க மதினி?"ன்னு லேப்ல கேக்கிற மாதிரி கேட்டா. டாக்டர்ட்டச் சொல்லணுமாம். நான் சொல்லல. அவளுக்கு நான் ஏன் கணக்குச் சொல்லணும்? உங்ககிட்டச் சொல்லுதேன், எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. கால் கிலோ பருப்புக்கு ஒரு கைப்பிடி. நல்லா நெறைச்சு அள்ளுன கைப்பிடி. போதுமா?

அஞ்சு மாசமா வரத்துப் போக்கு இல்ல. பெரிய லீவுக்கும் புள்ள வரல. போன வாரம் தம்பி பேசுனான். "அக்கா, பூசைக்கு வா. கோயில்ல எங்க கூட நில்லு. வீட்டு விருந்துக்கு மட்டும் இப்பம் வேண்டாம்"ங்கான். கூடப் பொறந்தவன் பேசுற பேச்சா இது? அவன் வாயில அவ பேசுதா. சவத்த விடுங்க. "பூசைக்கே வாறேன், புள்ளைக்கு மக்ரூன் கொண்டு வாறேன்"னேன். அவன் போனப் புள்ளைகிட்டக் குடுத்துட்டான்.

"நீ வா அத்தை. மக்ரூன் கொண்டு வராத"ங்குது.

"உங்க அம்மை சொல்லச் சொன்னாளா?"ன்னேன்.

"இல்ல. நீ கொண்டு வந்தா வாங்கிக்கோன்னுதான் அம்மா சொன்னாங்க. எனக்குத்தான் வேண்டாம்."

எழுதிக் குடுத்துப் படிக்க வச்சிருக்கா அந்தக் குத்தூசி. இல்லன்னா ஒரு புள்ள தானா இப்படிப் பேசுமா? பேசாது. என் ஜோவிட்டா பேசவே பேசாதும்மா.

வேண்டாம்னா விட்டுருவேனா? நேத்துப் பூரா இதுதான் வேலை. மைதா டின்னத் தூக்கி எதிர் வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேன். புதுச் சட்டி, புது அகப்பை, புது அரிப்பு. ஓவன் தட்டும் புதுசு. பஞ்சும் புதுசுதான். அவ லிஸ்ட்டு இன்னும் பிரிட்ஜுலதான் இருக்கு, அதப் பாத்து ஒண்ணொண்ணா வாங்குனேன். அவளுக்காக இல்ல. பழசெல்லாம் தேஞ்சு போச்சு, எப்படியும் வாங்கணும்.

நாளைக்குப் புள்ள அப்பம் வாங்கும்போது ஞானத்தாய் பின்னால நின்னு வாங்கணும். நான் கிறிஸ்மஸுல இருந்து வாங்கல. பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்கக் கூடாது, சாமியார்ட்ட முழங்கால் போட்டுச் செஞ்ச பாவத்தச் சொல்லணும். எனக்கு முழங்கால் வலி. முழங்கால் வலிக்கு யாரு என்ன பண்ண முடியும்? போன மாசம் கொரியர்ல அதுக்கும் ஒரு தைலம் வந்துச்சு, யாரு சொன்னாளோ.

மாட்டுத்தாவணி வந்துருச்சு போல. ஏம்மா, கையத் தொடைக்கிய? ஒட்டுதா? ஒட்டும். இவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தா வேர்க்காதா? பாருங்க, எப்படி வேர்த்திருக்கு! அதான் சாட்சி. மாவு இருந்தா இப்படி ஒட்டுமா? இத நான் கோயில் வாசல்ல வச்சு அவளுக்குக் காட்டணும். டப்பாவத் தொறந்து, "தொட்டுப் பாருட்டி, வேர்க்கு பாரு"ன்னு சொல்லணும். தின்ன வேண்டாம். தொட்டா மட்டும் போதும். தொடுவாள்லா?

ஏன் டப்பாவுல திருப்பி வைக்கிய? உங்களுக்குன்னு குடுத்தது. பிடிக்காதுன்னா அப்பமே சொல்லியிருக்கலாமேம்மா. என்ன? சத்தமாச் சொல்லுங்க, பின்னால ஆரன் அடிக்கான்.

இதுல மாவு இருக்கான்னா கேக்கிய?

இல்லம்மா.

அன்னைக்கு அவகிட்டயும் இப்படித்தான் சொன்னேன். இதே மாதிரிதான், டப்பாவப் பிடிச்சுக்கிட்டு.